எங்கள் பங்குக்குப் பா

பெரிய குழல் 'உம்' என்றதும்
'பா' என்பது எங்கள் வேலை.
உம்-பா, உம்-பா.
ஐந்து வருடமாக நானும் மாதையனும்
எந்தப் பாட்டின் தலையையும் தொட்டதில்லை.

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒத்திகை.
பட்டறை அவனுடையது அல்ல, அங்கே பற்றவைக்கிறான்.
பகலெல்லாம் ஊதுகுழலைக் கடித்தபடி
சுடரை வெள்ளி வளையத்தின் பக்கம் வளைக்கிறவன்,
மூச்சு அறாமல் ஊதத் தெரியும்.
எனக்கு நாலு சுரத்தில் காற்றுத் தீர்ந்துவிடும்.

நான் மின்வாரியத்தில் கட்டணம் வாங்குகிறேன்.
புதன் காலை கண்ணாடித் துளைக்கு அப்பாலிருந்து
"உதட்டுல என்னம்மா, கொசுவா?"
ஆமாம் என்பேன்.
பித்தளை பதித்த வட்டத்தை விளக்கிச் சொல்ல முடியாது.
வரிசை வாசல் வரை நிற்கிறது.

டெனர் ஹார்னை
தண்ணீர் நிறைந்த குடம் மாதிரி அணைத்துப் பிடிக்க வேண்டும்.
அதன் வாய் வானத்தைப் பார்க்கும்,
கேட்கிறவர்களைப் பார்க்காது.
என்னுடையதில் மூன்றாம் வால்வு சிக்கும்,
தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.
அவனுடையதில் ஒரு நசுங்கல்.
கையில் சுத்தியல் உள்ளவன், ஒரு தட்டுத் தட்டினால் போதும்,
"இருக்கட்டும், அது தும்மலுக்குப் போற வழி" என்கிறான்.

டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு சிற்றாலயத் திருவிழா.
பதினான்காம் வளைவில்
கார்னெட் பிரிட்டோ ஜன்னலோரம் கேட்டு வாங்கினான்,
பதினாறாம் வளைவில் அது பயன்பட்டது.
மேலே, குளிரில், பித்தளையெல்லாம்
கால் சுரம் இறங்கி நின்றது.
ஸ்வெட்டருக்குள் விட்டு, வயிற்றில் ஒட்டி,
ஆளுக்கொரு கர்ப்பத்தோடு காத்திருந்தோம்.

சப்பரம் கிளம்பியதும் மஞ்சு இறங்கியது.
முன்னால் போகிறவரின் முதுகு முதலில் போனது,
பிறகு அவர் தோளில் தொங்கிய டிரம்,
பிறகு வால்வின் மேல் இருந்த என் விரல்கள்.
மூன்றாவது அமுங்கியது, எழவில்லை.
நின்றேன்.
மாதையனும் நின்றான், ஊதுவதை நிறுத்தாமல்.
எண்ணெய் விட்டு நிமிர்ந்தபோது
சாலை இரண்டாகியிருந்தது,
வாத்தியங்கள் எல்லாத் திசையிலும் இருந்தன.
இடதுபக்கம் போனோம்.

பா.

பா.

உம் இல்லை, மெட்டு இல்லை.
பள்ளியில் படித்த ஓரசைச் சீர்கள்,
ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து.

பின்னால் செருப்புச் சத்தம்.
மெழுகுவர்த்தியைக் குடைக்கடியில் பிடித்தபடி
காப்பித் தோட்டத்து ஆட்கள், நாற்பது ஐம்பது பேர்,
பாடிக்கொண்டே வருகிறார்கள்.
எங்களிடம் இல்லாத மெட்டை
எங்கள் சந்துகளில் வைத்து வைத்து வருகிறார்கள்.
யாரோ ஒருவரின் இருமல்கூட
'உம்' இருக்க வேண்டிய இடத்தில் விழுகிறது.

மாதையன் என்னைப் பார்த்தான்.
வழி தப்பியதைச் சொல்லிவிடலாம்.
சொல்வதற்கு ஊதுவாயிலிருந்து உதட்டை எடுக்க வேண்டும்.
நான் எடுக்கவில்லை.
அவனும்.

ஊர்வலம் போய் முட்டியது
ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடையில்.
"சாமி எங்க?" என்றாள் ஒரு சிறுமி.
கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலை தூக்கி
என்ன செய்வதென்று தெரியாமல்
கரண்டியோடு கும்பிட்டார்.

சப்பரத்தோடு போனவர்கள் எங்களைத் தேடவில்லை.
திரும்பும் பஸ்ஸில் தலை எண்ணும்போதுதான்
இரண்டு குறைந்ததாம்.
பாதி வழி ஓடிவந்து ஏறினோம்.
"நல்லா வாசிச்சீங்க" என்றான் பிரிட்டோ, பொதுவாக.

மலையில் நாம் இறங்க இறங்கச் சுருதி ஏறும்.
அடிவாரத்தில் மாதையன் மெல்ல ஒரு 'பா' ஊதினான்,
நடத்துநர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ஒத்திகை முழுக்க
என் மூன்றாம் வால்வு ஒருமுறைகூடச் சிக்கவில்லை.
மோந்து பார்த்தேன்,
பஜ்ஜி எண்ணெய்.